உனக்கு இங்கே என்ன வேலை

கட்டம் நான்கு விரல் உயரம்தான் இருந்தது. அதற்கு மேலே, ‘மாணவி குறித்து வகுப்பாசிரியர் அறிந்தவை, ஒரு பத்திக்கு மிகாமல்’ என்று அச்சடித்திருந்தார்கள். தவமணி இடது கை விரல்களைத் தாளின்மேல் படுக்கவைத்து அளந்து பார்த்தாள். சின்ன எழுத்தாக எழுதினால் ஒன்பது வரி வரும். முதல் வரி, நடுவில் ஏழு, முடிவு வரி. இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு வருவதுதான், புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை. ஆறாம் பீரியடு மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. அடுத்த மணிக்குள் இந்தக் கட்டத்தை நிரப்பித் தலைமையாசிரியை அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, முப்பது வயதுகூட இராது, கைப்பையை மடியைவிட்டு இறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். கொடுத்த டீயை அவள் குடிக்கவில்லை, அதில் ஏடு படிந்துவிட்டது. எதிரே ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் இருக்க ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று, ‘எங்கள் வகுப்பறை, ஒரு பத்தி எழுதுக’ என்று பலகையில் போட்டிருந்தாள். மின்விசிறிகள் இரண்டில் ஒன்று சுற்றியது. ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்காரும் மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளாக அந்த இடத்துக்கு யாரும் நகர்ந்து உட்காரவில்லை. பக்கத்தில் இருக்கும் பூவிழியின் முழங்கை பெஞ்சின் விளிம்பில் இடித்தபோதும் அவள் நகரவில்லை. நகரச் சொல்லலாம் என்று தவமணி தினமும் நினைத்தாள். வருகைப் பதிவேட்டில் மாதேஸ்வரி என்ற பெயருக்கு நேரே, வராதவர்களுக்குப் போடும் சுழியைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவாள்.

பேனாவைத் திறந்து, எழுதாமல் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மாதேஸ்வரி அமைதியான மாணவி. இது முதல் வரி. நன்றாக இருக்கிறது, பத்தி எதைப் பற்றியது என்று சொல்லிவிடுகிறது. இனி வருகிற வாக்கியங்கள் எல்லாம் இந்த அமைதியைத் தாங்க வேண்டும். தலைமையாசிரியை விக்டோரியா அதைத்தான் சொன்னார், கதவை ஒருக்களித்து மூடிக்கொண்டு, வராந்தாவில் நிறுத்தி. “தவமணி டீச்சர், உங்களுக்கா நான் சொல்லித் தரணும்? முதல் வரில நல்ல பொண்ணு, அமைதியான பொண்ணு. நடுவுல வருகை, மார்க்கு. கடைசில, வேறு தகவல் எதுவும் அறியோம்னு முடிச்சிருங்க. பத்தின்னா அதானே? ஸ்கூலுக்கு ஒண்ணும் வரக் கூடாது டீச்சர், அவ்வளவுதான் எனக்கு.” கெட்டவர் இல்லை விக்டோரியா. போன வருஷம் கழிவறைக்குத் தண்ணீர் வர நாலு அலுவலகம் நடையாய் நடந்தவர். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்த அதிகாரி அதற்கு முன்பே வேறொன்று சொல்லியிருந்தாள். “அப்பா அம்மா கல்யாணமே இல்லைங்கிறாங்க மேடம். பொண்ணு சொந்தக்காரங்க வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போயிருக்காளாம். எந்த ஊருன்னு கேட்டா ஆளுக்கொரு ஊரு சொல்றாங்க. ரெண்டு ஊருக்குப் போயிட்டு வந்துட்டேன், இல்லை. ஊரு தெரிஞ்சா போதும், விடியக்காலைல வண்டி எடுத்துருவேன். ஞாயித்துக்கிழமை முகூர்த்தம், அதான் பயமா இருக்கு.” பிறகு, எழுந்து வாசல்வரை வந்த தவமணியிடம் பின்னாலிருந்து, “தெரிஞ்சது எதுவா இருந்தாலும் எழுதுங்க மேடம். சம்பந்தமில்லாத மாதிரி இருந்தாலும் பரவால்ல,” என்றாள். சம்பந்தமில்லாத மாதிரி. வேறு சொல்லா கிடைக்கவில்லை அவளுக்கு? ஆயிரம் சொல் இருக்கிறது. அந்தப் பெண் தன் பைக்குள் பார்த்துவிட்டாள் என்றே தவமணிக்குத் தோன்றியது. தவமணியின் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி மாதேஸ்வரியின் பயிற்சி நோட்டு இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து இருந்தது. இன்றைக்கு வியாழன்.

மாதேஸ்வரி அமைதியான மாணவி. பேசவிட்டால்தானே பேசுவாள். இல்லை, இதை எழுத முடியாது. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. வகுப்பில் முதல் வாரமே சொல்லிவிடுவாள்: வாக்கியங்களை எழுதி முடித்ததும் அப்படியே விட்டுவிடக் கூடாது, ஒவ்வொன்றையும் எழுப்பி நிறுத்த வேண்டும், நிறுத்தி, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்க வேண்டும். முதல் வாக்கியத்துக்கு உதவ வந்தேன் என்று சொன்னால் இருக்கட்டும். உதாரணம் சொல்ல வந்தேன் என்றாலும் இருக்கட்டும். முழித்துக்கொண்டு நின்றால் அடித்துவிடு. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. யாராவது பத்தியை எழுந்து நின்று வாசிப்பார்கள், தவமணி சந்தேகப்பட்ட வாக்கியத்தில் கையைத் தூக்குவாள், முப்பத்தெட்டு பேரும் சேர்ந்து, “உனக்கு இங்க என்ன வேலை?” என்று ராகம் போடுவார்கள். பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சர்கூட எட்டிப் பார்த்து, “என்ன தமிழம்மா, யாரையாவது வீட்டை விட்டுத் துரத்தறீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். பயிற்சி நோட்டில் அடித்தது போக மிச்சத்தைக் கட்டுரை நோட்டில் அழகாகப் படியெடுக்க வேண்டும். கட்டுரை நோட்டைத்தான் ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். பயிற்சி நோட்டை யாரும் பார்ப்பதில்லை. வருஷக் கடைசியில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். வீட்டிலும் அவளுக்கு இதே புத்திதான். கல்யாணப் பத்திரிகை வந்தால் சிவப்புப் பேனாவை எடுத்து வேண்டாத அடைமொழிகளை அடித்துவிட்டுத்தான் சுவரில் மாட்டுவாள். நேற்று அவள் கணவர் சாப்பாட்டை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “மூணு நாளா குழம்புல உப்பு இல்ல. என்ன டீச்சரம்மா, சம்பந்தமில்லைன்னு அதையும் அடிச்சிட்டீங்களா?” அவர் சிரித்தார். அவள் எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்து வந்து, அதன் மூடியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி. நோட்டின் மேலே சிவப்பில் அவளே தேதி போட்டிருக்கிறாள். தலைப்பு, ‘எங்கள் ஊர்ச் சந்தை’. மாதேஸ்வரி எழுந்து நின்றாள். நோட்டை முகத்துக்கு மிகக் கிட்டே பிடிப்பாள், கண்ணாடி போட வேண்டிய பிள்ளை, அதையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டது. எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை சந்தை கூடும். தக்காளியும் கத்தரிக்காயும் குவித்திருப்பார்கள். ஆட்டுச் சந்தை தனியாக நடக்கும். அன்று எனக்குப் புடவை எடுக்க... தவமணியின் கை தானாக மேலே போயிற்று. அந்தக் கையை அவள் இப்போதும் பார்க்கிறாள், விரல்நுனியில் சுண்ணக்கட்டிப் பொடியோடு. “சந்தையில ஆடு சரி, கத்தரிக்கா சரி. புடவைக்கு இங்க என்ன வேலை?” வகுப்பு ராகம் போட்டது. உனக்கு இங்க என்ன வேலை! பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, “புதுப் புடவை காட்ட வந்திருக்கும்மா!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள், அதில் சந்தேகமில்லை, நன்றாகவே சிரித்தாள். மாதேஸ்வரி நோட்டைத் தாழ்த்தினாள். “சொல்லு, என்ன வேலை?” “வேலை இல்லம்மா.” “அப்ப என்ன பண்ணணும்?” “அடிக்கணும்மா.” நோட்டை வாங்கி, ஸ்கேலை வைத்து, வாக்கியத்தின் தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பாகச் சிவப்புக் கோடு. கோடு நேராக இருக்க வேண்டும் என்பதில்தான் கண் இருந்தது. ஓரத்தில் ‘சம்பந்தமில்லை’. மறுநாள் படியெடுத்துக்கொண்டு வந்தாள், ஆடு, கத்தரிக்காய், வளையல் கடை, எல்லாம் வரிசையாக. அதற்குக் கீழே ‘மிக நன்று’ போட்டுக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை உடனே போகவில்லை. மேஜை ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. “என்ன?” “ஒண்ணுமில்லம்மா.” போய்விட்டது. ஒண்ணுமில்லை என்று சொல்ல ஒருத்தி எதற்கு நிற்க வேண்டும்? அப்போது கேட்டிருக்கலாமே, உனக்கு இங்கே என்ன வேலை என்று. அப்போது அந்தக் கேள்வி வரவில்லை.

“அம்மா, இவ என்னதைப் பாத்து எழுதறாம்மா!” “போடி, உன் பத்தியை எவ பாப்பா, மூணு வரியில ரெண்டு ஃபேனு!” தவமணி நிமிர்ந்து மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். அடங்கியது. கட்டம் வெள்ளையாக இருந்தது. இன்னும் முப்பது நிமிஷம்.

மாதேஸ்வரி அமைதியான மாணவி, தமிழில் ஆர்வமுள்ளவள், அரையாண்டுத் தேர்வில் எழுபத்தொன்று. திங்கட்கிழமை, அடுக்கி வைத்த நோட்டுகளை உரியவர்களிடம் கொடுக்கும்போது ஒன்று மிஞ்சியது. வெறுமனே புரட்டினாள். சந்தைப் பத்தி வந்தது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுத்துகள், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் மாதிரி, தெரிந்தும் தெரியாமலும் நின்றன. அன்று எனக்குப் புடவை எடுக்கக் கரடிக்கொல்லை மாமா வந்திருந்தார், அது முகூர்த்தப் புடவை, எனக்கு அது வேண்டாம். முழு வாக்கியத்தையும் அவள் அப்போதுதான் படித்தாள். அடிக்கும்போது படிக்கவில்லை. வகுப்பில் யாருமே கேட்கவில்லை, புடவை எடுக்க என்பதோடு அவள்தான் நிறுத்திவிட்டாளே. உலகத்தில் இந்த வாக்கியம் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது, அதன்மேல் அவள் கை போட்ட கோடு இருக்கிறது, அருகில் அவள் கையெழுத்தில் அந்தச் சொல் இருக்கிறது. ஆசிரியர் அறையில் யாரும் இல்லை. குழாயடியில் பாத்திரம் கழுவும் சத்தம். அவள் முதலில் செய்தது, நோட்டை மூடியது. இரண்டாவது, அதைப் பைக்குள் வைத்தது. மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை, பிள்ளை ஒருவேளை வந்துவிடும், வந்தால் நாமே தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். புதன்கிழமை எதுவும் நினைக்கவில்லை. ஆசிரியர் அறைக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் முகூர்த்த நாள் என்று பச்சை எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காராமல் வேறு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் நோட்டின் முனை விரலில் பட்டது.

ஓய்வு பெற இரண்டு வருஷம். நல்ல பெயர். பழைய மாணவிகள் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள், “அம்மா, உனக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பீங்களே, மறக்கவே இல்லம்மா,” என்கிறார்கள். இனி செய்தித்தாளில் வரும். மாணவியின் வாக்கியத்தை அடித்த ஆசிரியை. பெயர் போடாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். அந்த அதிகாரி நோட்டைப் புரட்டிவிட்டு முகத்தைப் பார்ப்பாளே, அந்த ஒரு பார்வை. எத்தனை நாளாகக் கையில் வைத்திருந்தீர்கள் மேடம் என்று கேட்பாளே. அடித்ததற்குக்கூடச் சொல்ல ஒன்று உண்டு, படிக்கவில்லை, கவனிக்கவில்லை. படித்த பிறகு மூன்று நாள்? அதற்கு என்ன வாக்கியம் இருக்கிறது? நோட்டைக் கொடுக்காமல் ஊரை மட்டும் சொல்லிவிட்டால் என்ன. கரடிக்கொல்லையில் ஒரு மாமா இருக்கிறார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள், என் காதில் விழுந்தது. ஒரு வரி. முதல் வரிக்கும் பொருந்தும், முடிவு வரிக்கும் பொருந்தும். காதில் விழுந்ததை நம்பி அந்தப் பெண் மூன்றாவது ஊருக்கு வண்டி எடுப்பாளா? அங்கே போனதும் மாமா என்ன சொல்வார்? யார் சொன்னது, இங்கே கல்யாணமும் இல்லை கருமாதியும் இல்லை என்பார். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி, நீயே சொல்லம்மா, உன்னை இங்கே யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று எல்லோர் எதிரிலும் கேட்பார்கள். ஒண்ணுமில்லம்மா என்று அது சொல்லும். சொல்லப் பழக்கியாயிற்றே. அந்தப் பிள்ளையின் கையெழுத்தில் இருக்கும் ‘வேண்டாம்’தான் செல்லும். காதில் விழுந்தது எதற்கும் ஆகாது.

அண்ணனுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர் நினைவுக்கு வந்தது. எதற்கு இப்போது அது, அதற்கு இங்கே என்ன வேலை என்று விலக்கினாள், அது போகவில்லை. கல்யாணமாகி நான்காவது மாதம். இப்போது இருக்கும் வீட்டில்தான், முன் அறையில் மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார், ஒரு தாளையாவது எடுக்கலாம் என்று அவள் வந்து நிற்பாள், அவர் தலையைத் தூக்காமலேயே கேட்பார், உனக்கு இங்கே என்ன வேலை. கோபமாகக்கூட இல்லை. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவருடைய குரல். அவருடைய அதே வார்த்தை, அதே வரிசை. இருபத்தாறு வருஷமாக வகுப்பில் ராகம் போட்டது அவரா? இது எப்படி இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. அடுப்பங்கரைக்குத் திரும்பிப் போய் அண்ணனுக்கு எழுதினாள். இங்கே எல்லோரும் நலம். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. சிவப்பி கன்று போட்டிருக்கிறது. என்னால் இங்கே இருக்க முடியவில்லை. மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. இருக்க முடியவில்லை என்ற வரியை எங்கே வைப்பது என்று அன்று எவ்வளவு யோசித்தாள். முதலில் வைத்தால் வீட்டில் யாராவது பிரித்ததும் கண்ணில் படும். கடைசியில் வைத்தால் அண்ணி பயந்துவிடுவாள். மாட்டுக்கும் இருமலுக்கும் நடுவில் வைத்தால், பார்க்க வேண்டியவன் பார்ப்பான். அண்ணன் பதில் போட்டான். கன்று காளையா, கிடாரியா? பிறகு எப்படியோ இருக்க முடிந்தது. மாமனாரும் மாறினார், கணவரும் நல்ல மனுஷர்தான். அது வேறு. ஆனால் ஒரு பெண்பிள்ளை தன் வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்த வகுப்பறையில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆட்டுக்கும் வளையல் கடைக்கும் நடுவில். அந்தப் பிள்ளை சரியான இடத்தில்தான் வைத்தது. ஆளைத்தான் தப்பாக நம்பியது.

“அம்மா, முடிச்சிட்டேன்.” பூவிழி மேஜை அருகில் நின்றாள். தவமணி பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்தாள். எங்கள் வகுப்பறை பெரியது. அதில் எட்டு பெஞ்சுகள் உள்ளன. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடும். ஜன்னல் வழியாகப் புளியமரம் தெரியும். புளியமர வரிக்கு மேலே ஒரு வாக்கியம் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது, ஸ்கேல் வைத்து, நேராக. மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. தவமணி அதைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். “இதை யார் அடிச்சது?” “நான்தாம்மா.” “ஏன்?” பூவிழி பாவாடையை விரலில் சுற்றினாள். “நீங்க சொல்ற மாதிரி கேட்டுப் பாத்தேம்மா. உனக்கு இங்க என்ன வேலைன்னு. வகுப்பறைன்னா இருக்கறதைத்தானே எழுதணும். இல்லாததை எழுதுனா நீங்க எப்படியும் அடிப்பீங்க. அதான் நானே.” கெட்டிக்காரப் பிள்ளை. சொல்லித் தந்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. தவமணி ரப்பரைத் தேடினாள். மேஜையில் இல்லை. பூவிழியே பெட்டியைத் திறந்து கொடுத்தாள். பென்சில் கோடு போயிற்று. போன இடத்தில் தாள் கொஞ்சம் அழுக்காக, வாக்கியம் அப்படியே இருந்தது. “இது இருக்கட்டும்,” என்றாள். “நடுவுல வேண்டாம். முதல் வரியா எழுதிக் கொண்டா.” “முதல் வரியாவாம்மா? அப்ப மத்ததெல்லாம்?” “மத்தது வரும். வராட்டியும் பரவால்ல.” பூவிழி நம்பாமல் பார்த்தபடி திரும்பிப் போனாள்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். செய்தித்தாளில் எண்ணெய் ஊறியிருந்தது, பின் அட்டையில் வட்டமாக ஒரு கறை. பத்து நிமிஷம் இருந்தது. கட்டத்துக்குள், அன்று எனக்குப் புடவை எடுக்க என்று தொடங்கி எழுதினாள். ஒரு கமாகூட விடாமல், சந்தி திருத்தாமல், அந்தப் பிள்ளை எழுதிய மாதிரியே எழுதினாள். பிறகு: இது மாதேஸ்வரி ஜனவரி ஒன்பதாம் தேதி தன் நோட்டில் எழுதியது. சம்பந்தமில்லை என்று நான் இதை அடித்தேன். இந்தத் திங்கட்கிழமை முழுவதும் படித்தேன், மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டு இத்துடன் இருக்கிறது. கை இங்கே நின்றது. அமைதியான மாணவி என்பதை எங்காவது சேர்க்கலாமா என்று பார்த்தாள். அதற்கு இடம் இல்லை. கீழே மூன்று வரிக்கு வெள்ளை மிச்சம் இருந்தது. மணி அடித்தது.

தலைமையாசிரியை அறையில் டீ அப்படியே இருந்தது. விக்டோரியா தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்ன டீச்சர் இது, நீங்க அடிச்சது, மூணு நாளு, இதெல்லாம் யாரு கேட்டா? இதுக்கு இங்க என்ன...” என்றார். தவமணி அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “முடிவு வரியும் இல்ல,” என்றார் சின்னக் குரலில். “இல்ல,” என்றாள் தவமணி. அதிகாரி அதற்குள் நோட்டைப் பிரித்திருந்தாள். அவள் நிமிர்ந்து தவமணியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை வந்தது. தவமணி நினைத்த அளவுக்கே இருந்தது, குறையவில்லை. “கரடிக்கொல்லை,” என்றாள் அதிகாரி. “மலைக்கு அந்தப் பக்கம் இல்ல?” கேட்டுக்கொண்டே கைபேசியில் யாரையோ அழைத்தாள். பையை முதல்முறையாக மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். “சார், எழுத்துல கெடைச்சிருக்கு. பொண்ணே எழுதினது. படிக்கறேன், கேட்டுக்குங்க.” ஜன்னலுக்கு நேரே நோட்டைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாக, சொல் சொல்லாக வாசித்தாள். அன்று எனக்குப் புடவை எடுக்கக் கரடிக்கொல்லை மாமா வந்திருந்தார். வெளியே ஏழாம் பீரியடுக்குப் பிள்ளைகள் ஓடும் சத்தம். அது முகூர்த்தப் புடவை. யாரும் கையைத் தூக்கவில்லை. எனக்கு அது... அதிகாரி நின்றாள். நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். “கடைசிச் சொல்லு கோட்டுக்கு அடியில போயிடுச்சு மேடம். மை ஊறிக் கெடக்கு. இது என்ன?”

“வேண்டாம்,” என்றாள் தவமணி. கைபேசி இன்னும் தூரத்தில் இருப்பதாகத் தோன்ற, ஓர் அடி முன்னால் போய்க் குனிந்தாள். “வேண்டாம்னு எழுதியிருக்கா.”